திசை மாறாத புள்ளி

ஒன்பதாயிரத்து இருநூறு மீட்டர், திசை முன்னூத்திப் பத்து, குறிச்சாச்சு, இனிமே ஆறு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. ஆறு நிமிஷத்துல ஒரு கப்பல் எவ்வளவு தூரம் போகுதோ அதைப் பத்தால பெருக்கினா ஒரு மணி நேர வேகம், அவ்வளவுதான், மூணாங்கிளாஸ் பிள்ளை சொல்லிரும். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ள ராத்திரி, மழை, கடல்ல ஒரு மண்ணும் தெரியல. என் நீர்மூழ்கி மேலே வந்து மிதந்துக்கிட்டிருக்கு, ரேடார் திரையில பச்சை முள்ளு ஒண்ணு எழும்பி எழும்பி அடங்குது, அங்க ஒரு கப்பல் போகுதுன்னு அர்த்தம். வெளியில கோவில்பட்டியில சித்திரை வெயில், மத்தியானம் ரெண்டு மணி பதினாறு, ஃபேன் சுத்துது, வேர்வை நிக்கல. கீபோர்டுக்குப் பக்கத்துல போன் கெடக்கு. அதுல இன்னொரு புள்ளி. நீலப் புள்ளி. அது என் மக கோமதி. சாத்தூர் தாண்டி மதுரை ரோட்டுல வடக்கே போய்க்கிட்டிருக்கா, ஒருத்தன் வண்டிக்குப் பின்னால உக்காந்து. அந்தப் புள்ளியையும் பேப்பர்ல குறிச்சிருக்கேன். குறிக்கக்கூடாதுன்னுதான் நெனச்சேன். கை கேக்கல.

கடுதாசியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருந்தா. வேற எங்க வச்சாலும் நான் பார்க்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். இன்சுலின் டப்பா மேல வச்சா ஒன்றரை மணிக்கு நான் கண்டிப்பா எடுக்கணும். சில்லுன்னு இருந்துச்சு பேப்பர். அப்பா, அம்மா, நானும் ஜெயசீலனும் நாளைக்குக் காலையில மதுரையில பதிவு பண்ணிக்கிறோம், உங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லப் பார்த்தேன் அப்பா, சாப்பாட்டுக்கு முன்னால ஊசி போட மறந்துறாதீங்க. இவ்வளவுதான் எழுதியிருந்தா. ஜெயசீலன் அவ வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப்ல கூட வேலை பார்க்கிறவன். எனக்கே ரெண்டு தடவை ரத்தம் எடுத்திருக்கான். வலிக்காமக் குத்துவான், ஊசி உள்ள போனதே தெரியாது, அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். வேற ஆளுங்க. எங்க வீட்டுல அதுக்கு மேல சொல்ல மாட்டோம், அந்த ரெண்டு வார்த்தையிலேயே எல்லாம் வந்துரும். என் பொண்டாட்டி செண்பகம் கடுதாசியை வாங்கிப் படிச்சா, மறுபடியும் படிச்சா, நேரா போய் அவ தம்பி காளிராஜுக்குப் போன் போட்டா. நான் என்ன செஞ்சேன்? ஊசியைப் போட்டுக்கிட்டேன். சாப்பாட்டுல கையை வச்சு நாலு வாய் அள்ளிப் போட்டேன். பெறகு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு மனுசன் செய்யிற காரியமா இது? மக ஓடிப் போயிருக்கா, தகப்பன் கப்பல் விரட்டிக்கிட்டிருக்கான். ஆனா வேற என்னத்தச் செய்ய, சும்மா உக்காந்தா அந்த ரெண்டு தடவைங்கிற வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருது.

ரெண்டு தடவை. எப்ப? ஒண்ணு ஞாபகம் இருக்கு. மாசி மாசம், சாயங்காலம், இதே நாற்காலி, அவ வந்து பின்னால நின்னா, எப்பா ஒரு விஷயம்னா. நான் முதல் புள்ளியைக் குறிச்சிட்டு ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். இருடா, ஆறு நிமிஷம்னேன். குறிச்சு, கோடு போட்டு, வேகம் பார்த்து, திரும்பினா ஆளைக் காணோம். அப்ப ஒண்ணும் தோணல. இன்னொரு தடவை எப்பன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரல. அதுவும் இதே நாற்காலியாத்தான் இருக்கும். ஐயோ, அந்த ஆறு நிமிஷத்தை ஒரு தடவை விட்டுத் தொலைச்சிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? ஒரு சரக்குக் கப்பல் தப்பிச்சிருக்கும். தப்பிச்சுட்டுப் போகட்டுமே, அது என்ன நிஜக் கப்பலா? சரி, அப்ப அவ சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? சரிம்மா, நல்லா இருன்னா சொல்லியிருப்பேன்? இல்ல. கத்தியிருப்பேன். செண்பகம் கூட சேர்ந்து கத்தியிருப்பேன். அந்த வரைக்கும் என்னை நான் அறிவேன். இருந்தாலும் கேட்டுட்டுக் கத்துறது வேற, காது கொடுக்காமலே விட்டது வேற.

இந்த விளையாட்டே அவ போட்டுக் கொடுத்ததுதான். போன வருஷம் சர்க்கரையால கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க, அதுக்கு ஆறு மாசம் முன்னாலதான் சர்வேயர் வேலையிலேர்ந்து ரிடையர் ஆகியிருந்தேன், முப்பத்தொரு வருஷம் காடு கரையெல்லாம் சங்கிலியை இழுத்துக்கிட்டு அலைஞ்ச மனுசன் வீட்டுக்குள்ள முடங்கினா எல்லாருக்கும் கஷ்டம், செண்பகத்தை அடுப்படியில உப்பு டப்பாவை ஏன் அங்க வச்ச இங்க வச்சன்னு நோண்டிக்கிட்டே இருந்தேன். எப்பா, உங்களுக்குக் கோடு போடுறதுதானே பிடிக்கும், இதுல நாள் பூரா போடலாம்னு சொல்லிக் கொடுத்தா. முதல் ஒரு மாசம் ஒரு கப்பலையும் என்னால பிடிக்க முடியல. கணக்கெல்லாம் சரியா இருக்கும், கோடு நேரா இருக்கும், நான் போய் நின்னா அங்க கப்பல் இருக்காது. மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில கோமதிதான் பின்னால நின்னு பார்த்துட்டுச் சிரிச்சா. எப்பா, நீங்க இருக்கிற இடத்தை நகர்த்தவே இல்லையே, உங்க படகும் ஓடிக்கிட்டுல்ல இருக்குன்னா. அடடா. சர்வேயர் புத்தி. கல்லுல நின்னு அளக்கிறவனுக்குத் தன் கல்லு நகராது, ஊர் உலகம் எல்லாம் அங்க இங்க இருக்கும், நாம நிக்கிற இடம் மட்டும் நின்ன இடத்துல நிக்கும். கடல்ல அப்படி இல்ல. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல நானும் ஒரு மைல் போயிருப்பேன். அதைச் சேர்க்காமப் போட்ட கோடு எல்லாம் பொய்க்கோடு. அன்னைக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு, என் பிள்ளைக்கு என்னைவிடக் கூர்மைன்னு தெருவுல நாலு பேர்கிட்ட சொன்னேன்.

போன்ல புள்ளி வச்சதும் அவதான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துட்டேன், யாரோ சோடா வாங்கிக் கொடுத்து உக்கார வச்சாங்க, இவ மூணு தெரு அலைஞ்சு கண்டுபிடிச்சிருக்கா. அன்னைக்கே ரெண்டு போனையும் இணைச்சா. இனிமே நீங்க எங்க கெடந்தாலும் எனக்குத் தெரியும், நான் எங்க இருக்கேன்னும் நீங்க பார்த்துக்கலாம்னா. நான் பார்த்ததே இல்ல. எதுக்குப் பார்க்கணும், லேப், வீடு, லேப், வீடு. இன்னைக்கு ஒண்ணு முப்பத்தஞ்சுக்குத்தான் முதல் தடவையாத் திறந்து பார்த்தேன், நீலப் புள்ளி ஊரை விட்டு வெளியே போய்க்கிட்டிருந்துச்சு.

ரெண்டு பதினெட்டுக்கு காளிராஜ் கூப்பிட்டான். அருப்புக்கோட்டையில இருக்கான், கார் வச்சிருக்கான், எப்பவும் கூட ரெண்டு பேர் இருப்பாங்க. "அத்தான், அக்கா சொல்லுச்சு. பிள்ள எங்க இருக்குன்னு உங்க போன்ல தெரியுமாமே?" ஆமா மாப்ளன்னேன். "இப்ப எங்க?" சாத்தூர் தாண்டியாச்சுன்னேன். "அப்ப நான் சாத்தூருக்கு விடுறேன்"ன்னான். இந்த இடத்துலதான் நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். போடா, சாத்தூருக்குப் போ, போய் அங்க டீயைக் குடின்னு விட்டிருந்தா முடிஞ்சது. ஆனா எனக்கு எரிச்சல் வந்துச்சு. என்ன ஒரு முட்டாத்தனம், ஓடுற ஒண்ணைப் பிடிக்க அது இருந்த இடத்துக்கா போவாங்க? "சாத்தூருக்கு எதுக்கு மாப்ள போற? நீ வர்றதுக்குள்ள அவ விருதுநகர் போயிருவா. இருக்கிற இடத்துக்குப் போகாத, இருக்கப் போற இடத்துக்குப் போ. உங்க அருப்புக்கோட்டை ரோடு நாலுவழிச் சாலையில வந்து ஏறுதுல்ல, அங்க நில்லு. வண்டி நாப்பத்தி ரெண்டுல போகுது. இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர். ரெண்டு அம்பத்து மூணுக்கு உன்னைத் தாண்டும்." "ஆத்தாடி, நிமிஷத்தோட சொல்றீங்களே அத்தான்"ன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதை நான் மறைக்கப் போறதில்ல. என் மகளைப் பிடிக்கக் கணக்குச் சொல்லிட்டு, சபாஷ்னு ஒருத்தன் சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்துச்சு எனக்கு. த்தூ.

பேசத்தான் போறான். வண்டியை நிறுத்தி, பிள்ளையைக் கார்ல ஏத்தி, அவனை நாலு வார்த்தை திட்டி அனுப்புவான், வேற என்ன செய்யப் போறான், தாய்மாமன் இல்லையா, காது குத்துக்கு மடியில உக்கார வச்சவன் இல்லையா. கோவக்காரன், ஆனா பாசக்காரன். இப்படியே சொல்லிக்கிட்டு இருக்கேன், ஆனா பேச எதுக்குக் கார்ல மூணு பேர்னு ஒரு மூலையில கேட்டுக்கிட்டே இருக்கு. போன வருஷம் அவன் சித்தப்பா மக ராஜாத்தி விஷயம் வந்துச்சு. அவளும் இப்படித்தான் கிளம்பினா. பழனியில போய்ப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க, கூட்டிட்டு வந்தது காளிராஜ். நாலாம் நாள் தகவல் வந்துச்சு, பிள்ளைக்கு வயித்துவலி, தாங்க முடியாம மருந்தைக் குடிச்சிருச்சுன்னு. நானும் போனேன். மாலை போட்டேன். பந்தல்ல உக்காந்து எல்லாரும் வயித்துவலி வயித்துவலின்னு சொன்னாங்க, நானும் ஆமா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வயித்துவலி நிறைய வருதுன்னு சொன்னேன். நிஜமாவே சொன்னேன், இந்த வாயால. ராஜாத்திக்கு இருபத்திரெண்டு வயசு. அவளுக்கு அதுக்கு முன்னால வயித்துவலி வந்ததா யாருக்கும் ஞாபகம் இல்ல. கோமதிக்கு இருபத்தஞ்சு.

நான் அளந்தேன், அவ்வளவுதான். நான் கையை நீட்டல. இதுவும் பழைய பாட்டுதான். எட்டயபுரம் பக்கம் ஒரு ஊர்ல அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, நான் போய் அளந்து கல்லு நட்டேன், கல்லு தம்பியோட மாட்டுக்கொட்டத்துக்குள்ள விழுந்துச்சு. ஏற்கெனவே ரெண்டு பேரும் கம்போட நின்னாங்க, அன்னைக்கு நடாம நாளைக்குப் போலீசோட வந்து நட்டிருக்கலாம், தலையாரிகூட காதுல சொன்னான், சார் இன்னைக்கு வேண்டாமேன்னு. அளவு முடிஞ்சா கல்லு நடணும்னு நட்டுட்டு சைக்கிள்ல ஏறிட்டேன். சாயங்காலம் தம்பி மண்டை பிளந்து ஆஸ்பத்திரியில கெடந்தான், அதுக்கப்புறம் அவனுக்குப் பேச்சு வரவே இல்ல. விசாரணையில தாசில்தார் கேட்டார். அளவு சரிதான் சார்னேன். ஒரு லிங்க்குகூட, சங்கிலியில ஒரு கண்ணிகூடப் பிசகல சார்னேன். அது உண்மை. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கல்லு அங்கதான் நிக்குது, யாரும் குறை சொல்ல முடியாது. தம்பியோட பொண்டாட்டி தாலுகா ஆபீஸ் வாசல்ல என்னைப் பார்த்துட்டுத் திட்டவும் இல்ல, சும்மா பார்த்தா. அதை ஏன் இப்ப நெனைக்கணும்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாமலா வருது.

ரெண்டு இருபத்தெட்டு. காளிராஜ் தன்னோட லைவ் லொகேஷனை எனக்கு அனுப்பியிருக்கான், கூடவே ஒரு குரல் செய்தி: அத்தான், என் வண்டியும் உங்களுக்குத் தெரியும், பார்த்து வழி சொல்லுங்க. ஆக இப்ப ரெண்டு புள்ளி. ஒண்ணு தெற்கேயிருந்து ஏறுது, ஒண்ணு கிழக்கேயிருந்து வருது. எனக்கு வேண்டாம், ஆனா கை ஸ்கேலை எடுக்குது. காளிராஜ் இருக்கிற இடத்துலேர்ந்து கோமதிக்கு ஒரு கோடு. நாலு நிமிஷம் கழிச்சு இன்னொரு கோடு. ரெண்டு கோடும் ஒரே சாய்வு. கடல்ல இதைவிடக் கெட்ட அடையாளம் கிடையாது: பார்க்கிற திசை மாறக் காணோம், தூரம் மட்டும் குறையுதுன்னா, ரெண்டும் மோதப் போகுதுன்னு அர்த்தம், ராத்திரியானாலும் மழையானாலும் மோதியே தீரும். விளையாட்டுல இந்த இடம் வந்தா எனக்கு மயிர்க்கூச்செறியும், கணக்குப் பலிச்சிருச்சுன்னு. இப்ப மறுபடி போட்டுப் பார்க்கிறேன், எங்கயாவது தப்பிருக்கணும், தப்பிருந்தா நல்லாருக்கும். தப்பு இல்ல. நாசமாப் போன கணக்கு, ஒரு தடவையாவது தப்பாப் போகக் கூடாதா?

அந்தப் பயல் என்ன இப்படி ஓட்டுறான்? நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தொண்ணு. நாலுவழிச் சாலையில எவன் நாப்பத்தி ரெண்டுல போவான், எண்பதுல பறக்க வேண்டாமா, ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு ஓடுறவன்? பின்னால ஆள் உக்காந்திருக்குன்னு ஓட்டுறான். வளைவுல முப்பத்தஞ்சு. சாத்தூருக்கு முன்னால ஓரிடத்துல பதினோரு நிமிஷம் வண்டி நின்னுச்சு, அது ஏன்னு அப்பலேர்ந்து யோசிச்சேன், பஞ்சரா, சண்டையா, மனசு மாறிட்டாளா. இப்பத்தான் தோணுது, ஒண்ணே முக்காலுக்கு நின்னிருக்கு. கோமதி ரெண்டு மணிக்குள்ள சாப்பிடலைன்னா தலைவலி வந்து சுருண்டுருவா, சின்னதுலேர்ந்து அப்படி. அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. நிறுத்திச் சாப்பிட வச்சிருக்கான். அவன் முகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, ஊசி போடுற விரல்தான் ஞாபகம், ஆனா இந்தப் பேப்பர்ல இருக்கிற கோட்டைப் பார்த்தா ஆளைத் தெரியுது. இன்னொண்ணும் தெரியுது. பயப்படுற கப்பல் நேராப் போகாது. கொஞ்ச தூரம் இப்படி, கொஞ்ச தூரம் அப்படின்னு வளைஞ்சு வளைஞ்சு ஓடும், யாராவது பார்த்துக்கிட்டிருப்பாங்கன்னு. நேராப் போற கப்பல்னா, அதுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லைன்னு நெனைக்குது. இவங்க நேராப் போறாங்க. ஒரு கிராமத்து ரோட்டுல திரும்பல, ஒரு பஸ் மாறல, போனை அணைக்கல. கோமதி மறக்கிற ஆள் இல்ல. ஊசியை ஞாபகப்படுத்தி எழுதினவளுக்குப் போனை அணைக்கவா தெரியாது? அப்பா பார்ப்பார்னு தெரிஞ்சுதான் போறா. பார்த்தா பார்க்கட்டும், அப்பாதானேன்னு போறா. யப்பா சாமி. இது எனக்கு ஏன் ரெண்டு பதினெட்டுக்குத் தோணல?

செண்பகம் வாசல்கிட்ட வந்து நிக்கிறா, ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே. தேய்ச்ச பாத்திரத்தையே தேய்ச்சுக்கிட்டிருந்தா இவ்வளவு நேரம். "எங்க போறா?"ன்னா. விருதுநகருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர்னேன். "தம்பி?" அவனும் அங்கதான். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர்ல மழை பெய்றதைப் பார்த்தா. "பேசத்தான் போறான், இல்லீங்க?" நான் ஸ்கேலைக் கீழ வச்சேன். "ஆத்திரத்துல கூப்பிட்டுட்டேன். கூப்பிடும்போது எனக்கு ராஜாத்தி நெனப்பே வரல பாருங்க. பெறகு பாத்திரம் விளக்கும்போது வந்துச்சு." அந்தப் பேரை எங்க வீட்டுல ஒரு வருஷமா யாரும் சொன்னதில்ல. "வேண்டாம்னு இப்பப் போன் போட்டுச் சொன்னா கேப்பானா?" கேக்க மாட்டான்னேன். அவளுக்கும் தெரியும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி உள்ள போயிட்டா, என்னவாவது செய்யுங்கன்னு சொல்லல, சொல்லாமப் போனதுதான் எனக்கு வலிக்குது.

கோமதிக்குப் போட்டேன். அடிக்குது, எடுக்கல. வண்டிச் சத்தத்துல கேட்டிருக்காது, பையில இருக்கும். மறுபடி. மறுபடி. நம்பரை அமுக்கினா வேற எங்கயோ படுது, சனியன் பிடிச்ச தொடுதிரை. ரெண்டு நாப்பத்தொண்ணு. இங்க கம்ப்யூட்டர்ல பச்சை முள்ளு நாலாயிரம் மீட்டருக்கு வந்திருச்சு, டார்பிடோ குண்டு விடலாம்னு மணி அடிக்குது. அடிச்சுத் தொலை. ஏழாவது தடவை போட்டுக்கிட்டிருக்கும்போது குறுக்கே காளிராஜ் போன்ல வந்தான். "அத்தான், வேகமா விட்டு முன்னாலயே வந்துட்டேன், நீங்க சொன்ன இடத்துல நிக்கிறேன். இன்னும் பன்னெண்டு நிமிஷம், சரிதானே?" இப்ப யோசிச்சா முடியாது, யோசிக்கிறது அவனுக்குக் கேட்டுரும். "மாப்ள, அவங்க திரும்பிட்டாங்க. மேற்கே ஒரு கிராமத்து ரோட்டுல இறங்கி சிவகாசிக்குப் போறாங்க. நீ அங்கேர்ந்து சிவகாசி ரோட்டைப் பிடி, வேகமாப் போனா ஆமாத்தூர் தாண்டிப் பிடிச்சிரலாம்." பின்னால கார்க் கதவு சாத்துற சத்தம். "நிச்சயமாவா அத்தான்?" "என் அளவு எப்பவாவது தப்பியிருக்கா மாப்ள?"ன்னேன். குரல் என்னோடது மாதிரியே இருந்துச்சு, அதே அலட்டல், அதே எரிச்சல். முப்பத்தொரு வருஷம் ஒரு லிங்க் பிசகாம சேர்த்து வச்ச பேரை மொத்தமா அந்த ஒரு கேள்வியில போட்டேன். "இல்ல, கேட்டேன்"ன்னான். "சரி, கூட வந்த மாடசாமியை இங்கேயே இறக்கி விட்டுட்டுப் போறேன். ஒருவேளை வந்தா அவன் பார்த்துக்குவான்." காளிராஜ் புள்ளி நகர்ந்து மேற்கே போகுது. ஆனா ஒருத்தன் நிக்கிறான் அங்க. பார்த்துக்குவானாம். கோமதி எட்டு கிலோமீட்டர்ல வந்துக்கிட்டிருக்கா, நேரா.

பெறகு நீலப் புள்ளி நின்னுச்சு. ஏன் நின்னுச்சு, வேற யாரும் இருக்காங்களா, என்ன ஆச்சு. போன் அடிச்சுது. "எப்பா! எப்பா, என்ன பண்ணுது? தலை சுத்துதா? ஏழு தடவை கூப்பிட்டிருக்கீங்க! டிவி மேல டப்பாவுல குளுக்கோஸ் இருக்கு, வாயில போடுங்க முதல்ல, அம்மா எங்க, அம்மாவைக் கூப்பிடுங்க, பேசுங்கப்பா!" மூச்சு வாங்குது அவளுக்கு. வீட்டை விட்டுப் போறவ நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டு எனக்குச் சர்க்கரை இறங்கிருச்சுன்னு பதறுறா. எனக்கு ஒண்ணும் இல்லைம்மான்னேன். லாரி ஒண்ணு போகுது அங்க. "திட்டுறதுன்னா திட்டுங்கப்பா"ன்னா, குரல் சின்னதாயிருச்சு. "கோமு, நல்லாக் கேளு. விருதுநகருக்குப் போகாத. உங்க மாமா ஆளு அங்க நிக்கிறான்." "மாமாவுக்கு எப்படித் தெரியும்?" "நான்தான் சொன்னேன்." சொல்லிட்டேன். "எந்த நிமிஷத்துக்கு எங்க வருவீங்கன்னு நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். பெறகு மாத்திச் சொல்லி அவனை சிவகாசிக்கு அனுப்பியிருக்கேன். ஒருத்தன் மட்டும் நிக்கிறான்." அவ அழுறாளா என்னன்னு தெரியல. "நீங்க பார்த்துக்கிட்டு இருப்பீங்க, துணைக்கு இருக்கிற மாதிரி இருக்கும்னுதானப்பா நான் அணைக்கல"ன்னா.

தெரியும்மா, இப்ப அணைச்சிருன்னேன். வண்டியைத் திருப்பச் சொல்லு, மதுரை வேண்டாம், வேற ஊருக்குப் போங்க, வேற ஒருநாள் பதிவு பண்ணிக்கலாம். பக்கத்துல அவன் குரல் ஏதோ கேக்குது, மெதுவா, அவசரப்படாம. "அவங்க அக்கா வீடு இருக்குப்பா, அங்க—" "சொல்லாத!" நான் கத்தினதுல எனக்கே காது அடைச்சிருச்சு. "எந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா சொல்லிருவேன் கோமு. வேணும்னு சொல்ல மாட்டேன். எவனாவது தப்பான இடத்துக்குப் போறேன்னு சொன்னா திருத்தாம இருக்க முடியாது என்னால." "அப்ப எப்பப்பா சொல்லட்டும்?" "நான் கேட்டாலும் சொல்லாத." அவ போனை வைக்கல. நானும் வைக்கல. ஊசி போட்டீங்களான்னு கேட்டா. போட்டேன்னேன். சரிப்பான்னா. பெறகு போனை அணைச்சுட்டா. என் போன் வரைபடத்துல ரோடு இருக்கு, கண்மாய் இருக்கு, ஊர்ப் பேரெல்லாம் இருக்கு, நீலப் புள்ளி இருந்த இடத்துல ஒண்ணும் இல்ல. விரலால பெருசாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். தமிழ்நாடு முழுசும் வந்துச்சு. அதுல எங்கயோ.

காளிராஜ் கூப்பிடுறான். அடிக்கட்டும். வருவான், நேரா இங்கதான் வருவான், வந்து சட்டையைப் பிடிப்பான், பிடிக்கட்டும், இந்தக் கால்ல நான் எங்க ஓட. செண்பகம் வந்து நின்னா. நான் கத்தினது அவளுக்குக் கேட்டிருக்கணும். "எங்க இருக்கா?"ன்னா. தெரியலன்னேன். "பொய் சொல்லாதீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்குமா." போனை நீட்டினேன். வாங்கி, தூரமா வச்சு, கண்ணைச் சுருக்கி, அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தா. "நிசமாவே தெரியாதா?" "தெரியாது." "என் தம்பிக்கு?" "அவனுக்கும் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது செண்பகம்." அவ போனை என் மடியில வச்சா. அப்பச் சரின்னா. சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்தா, என் விரல் போன காலைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் அழ ஆரம்பிச்சோம்.